உள்துளை டிரில்: வாங்கும் முன் என்ன கேட்பது, கழுவும்போது எதைத் தவறவிடுகிறோம்?

#1 | கழுவுமேடை

வணக்கம். நான் ஒரு மருத்துவமனையின் சிஎஸ்எஸ்டியில், அதாவது கருவிகளைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்யும் பிரிவில், வேலை பார்க்கிறேன். எலும்பு அறுவை தியேட்டருக்கு உள்துளை டிரில் இரண்டு செட் புதிதாக வாங்கப் போகிறார்கள். விலைப்புள்ளியோடு வந்த தாளை என்னிடம் கொடுத்து, "உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது சேர்க்க வேண்டுமா, பாருங்கள்" என்றார்கள். அதில் சுற்று வேகம் இருக்கிறது, டார்க் (முறுக்கு விசை) இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, பெட்டியின் நிறம்கூட இருக்கிறது. டிரிலின் நடுவே முன்பின்னாக ஓடும் துளையைப் பற்றி "கேனுலேட்டட்: ஆம்" என்று ஒரே ஒரு வரி.

எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. போன வாரம் எங்கள் பழைய டிரிலைக் கழுவித் துடைத்துவிட்டு, பேக் பண்ணும் முன் ஏதோ தோன்றி, பின்பக்கத் துளை வழியாக ஒரு கைடு வயரை (எலும்பில் பிட்டுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) விட்டுப் பார்த்தேன். முன்பக்கம் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. வெளியே பார்த்தால் பளபளப்பு. எத்தனை முறை இப்படியே பேக் ஆகி, ஆட்டோகிளேவ் ஆகி, தியேட்டருக்குப் போயிருக்கும்?

வாங்கும் தாளில் என்ன எழுதச் சொல்லலாம்? இருக்கிற டிரிலை ஒழுங்காகக் கழுவுவது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | திருப்புளி

பயோமெடிக்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "உள்துளை டிரில்" என்று நாம் சொல்வது இரண்டு வேறு பொருட்களை. ஒன்று, கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸ். மோட்டாரின் தண்டே குழாயாக இருக்கும், வயர் பின்னால் நுழைந்து முன்னால் வரும். இன்னொன்று, அதில் மாட்டும் உள்துளை பிட். இதன் நடுவில் கைடு வயர் போகும் அளவுக்கு மட்டும் துளை. முதலாவதை வாங்கும்போது மோட்டாரைப் பற்றிக் கேட்கிறோம், இரண்டாவதை வாங்கும்போது வெளிவிட்டத்தைக் கேட்கிறோம். இரண்டிலும் துளையை யாரும் கேட்பதில்லை.

ஹேண்ட்பீஸுக்கு நான் கேட்பவை இவை. துளையின் உள்விட்டம் எவ்வளவு? 3.2 முதல் 4 மி.மீ. வரை பரவலாகப் பார்க்கலாம். உங்கள் தியேட்டரில் பயன்படும் தடித்த வயர் எது என்று பார்த்து அதற்கு மேல் இருக்க வேண்டும். 3.2 மி.மீ. கைடு வயர் பயன்படுத்தும் தொடையெலும்பு நெயில் (எலும்புக்குள் செருகும் நீண்ட உலோகத் தண்டு) செட் இருந்தால் "3.2 மி.மீ. துளை" போதவே போதாது, வயர் இறுகும். அடுத்து, துளை முன்னிருந்து பின்வரை ஒரே விட்டமா, நடுவில் படிக்கட்டு மாதிரி அகன்று குறுகுகிறதா? படி இருக்கும் இடம் எல்லாம் அழுக்கு உட்காரும் திண்ணை. பிறகு துளையின் மொத்த நீளம், அதற்குரிய பிரஷ்ஷின் எண்.

வேகம், டார்க் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். துளையிடுவதற்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றை ஒட்டிய வேகம் வேண்டும். எலும்பின் உள்குழாயை அகலப்படுத்தும் ரீமிங்குக்குச் சில நூறு சுற்று போதும், ஆனால் டார்க் பல மடங்கு வேண்டும். ஒரே மோட்டாரில் இரண்டும் வேண்டுமென்றால் கியர் குறைப்பு உள்ள ரீமர் தலை தனியாக வரும். அந்தத் தலைக்கும் துளை உண்டு, அதையும் கழுவ வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பிட்டையோ வயரையோ பிடிக்கும் இணைப்பான் எது என்பதும் முக்கியம். ஏஓ குயிக் கப்ளிங், ஹட்சன், ஜேக்கப்ஸ் சக், வயருக்கான காலெட் என்று தனித்தனி. சாவி போட்டு இறுக்கும் ஜேக்கப்ஸ் சக் 1902இல் காப்புரிமை வாங்கிய பட்டறைச் சாமான். இன்னும் அதைவிட எதையும் பிடிக்கும் பிடி வரவில்லை. ஆனால் மூன்று தாடை, அதன் பின்னால் மறை, அதற்குள் எலும்புத் தூள்... கழுவுகிறவருக்கு அது நரகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஐஎஸ்ஓ 17664 என்று ஒரு தரநிலை இருக்கிறது. திரும்பப் பயன்படுத்தும் கருவியை எப்படிக் கழுவி, ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதித் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பேட்டை வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன் கேளுங்கள். "ஈரத் துணியால் துடைக்கவும், ஆட்டோகிளேவ் செய்யவும்" என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் அந்த டிரில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

#3 | எலும்பொட்டி

பிட் பக்கத்தை நான் சொல்கிறேன், நாள்தோறும் பிடிக்கிற பொருள்.

வழக்கமான பிட்டுக்கு நடுவில் ஒரு முனை உண்டு. உள்துளை பிட்டுக்கு அது கிடையாது, அந்த இடத்தில்தான் ஓட்டை. அதனால் வயர் இல்லாமல் அது எலும்பில் நிற்காது, வழுக்கும். வயர்தான் அதன் முனை, வயர்தான் அதன் வழி. இரண்டும் பொருந்த வேண்டும். பரவலாக உள்ள செட்களில் 4.0 மி.மீ. திருகுக்கு 1.25 மி.மீ. வயர், 2.7 மி.மீ. பிட். 4.5 மி.மீ. திருகுக்கு 1.6 வயர், 3.2 பிட். 7.3 மி.மீ. திருகுக்கு 2.8 வயர், 5.0 பிட். பழைய 7.0 மி.மீ. செட் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கும், அதற்கு 2.0 வயர். இந்த 2.0 வயரை 2.8க்கான பிட்டில் போட்டால் ஆடும். ஆடினால் பிட் வயரை உரசும், வயரில் வெட்டு விழும். கடைசியில் வயர் எலும்புக்குள் முறியும். அதனால் வேறு வேறு நிறுவனத்து செட்களை ஒரே டிரேயில் கலக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

துளையில் அழுக்கு நின்றால் தொற்று மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பிட்டுக்கும் வயருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதில் பழைய எலும்புத் தூள் காய்ந்து இருந்தால் பிட் வயரைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் இரண்டில் ஒன்று நடக்கும். பிட்டை வெளியே இழுக்கும்போது வயரும் கூடவே வந்து, பிடித்த பாதை போய்விடும். அது பரவாயில்லை. மற்றது, பிட் முன்னேறும்போது வயரையும் தள்ளிக்கொண்டு போகும். தொடையெலும்புக் கழுத்தில் வேலை செய்கிறோம் என்றால் வயருக்கு முன்னால் இருப்பது இடுப்பு மூட்டு, அதைத் தாண்டினால் இடுப்புக்குழியின் ரத்தக் குழாய்கள். அதனால்தான் உள்துளை பிட்டை ஓட்டும்போது இடையிடையே சி-ஆர்மில் (அறுவை மேசையிலேயே படம் காட்டும் எக்ஸ்ரே) வயரின் நுனியைப் பார்க்கிறோம்.

வளைந்த வயரும் இதே வேலையைச் செய்யும். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம்.

#4 | இரவுப்பணி

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 134 டிகிரியில் போட்டால் எந்தக் கிருமியும் பிழைக்காது. உள்ளே கொஞ்சம் பொடி இருந்தால் அதுவும் ஸ்டெரைல் பொடிதானே? ஏன் இவ்வளவு அலட்டல்?

#5 | நீராவி

"ஸ்டெரைல் பொடி". இந்தச் சொல்லைக் கேட்டு இருபது வருடம் ஆகிறது, இன்னும் சாகவில்லை.

இரவுப்பணி, நீராவி கொல்வது அது தொடும் இடத்தில்தான். காய்ந்த ரத்தமும் கொழுப்பும் எலும்புத் தூளும் சேர்ந்து துளைக்குள் ஒரு அடைப்பாக இருந்தால், அதன் நடுவில் உள்ள கிருமிக்கு அந்த அடைப்பே கவசம். போதாததற்குக் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் நீராவி போகாது, கருவியின் வெளிப்புறம் 134ஐக் காட்டும்போது துளையின் நடுவில் நிலைமை வேறாக இருக்கும். உள்துளைக் கருவிக்கு வெறும் ஈர்ப்பு முறை ஆட்டோகிளேவ் போதாது, முன்வெற்றிடம் எடுத்துக் காற்றை உறிஞ்சும் வகை வேண்டும் என்பது இதனால்தான். 132 டிகிரியில் 4 நிமிடம் அல்லது 134இல் 3 நிமிடம் என்பது பரவலான சுழற்சி. அதற்குமேல் உலர்த்தும் நேரம் தனி. எது உங்கள் டிரிலுக்கு என்பதைத் தயாரிப்பாளர் சொன்னபடிதான்.

இது காகிதக் கதை இல்லை. 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரே மருத்துவமனையில் மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவைக்குப் பிறகு ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. தேடிப் பார்த்ததில், கழுவி முடித்த உள்துளைக் கருவிகளுக்குள் திசுத் துணுக்குகள் இருந்தன. எல்லாம் ஸ்டெரிலைஸ் ஆனவைதான். அந்தக் கருவி டிரில் அல்ல, மூட்டுக்குள் திசுவைச் சீவி உறிஞ்சும் ஷேவர். ஆனால் துளை துளைதான்.

சரி, "செத்த" பொடி என்றே வைத்துக்கொள்வோம். இறந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு சூட்டுக்கு அசையாது, உடலில் காய்ச்சலைக் கிளப்பும். இன்னொருவரின் காய்ந்த ரத்தத்தை உங்கள் எலும்புக்குள் வைக்கச் சம்மதிப்பீர்களா?

#6 | இரவுப்பணி

சம்மதிக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு படிக்கிறேன்.

#7 | கழுவுமேடை

இதைத்தான் நானும் சொல்ல முடியாமல் தவித்தேன். நீராவி சார், படிப்படியாகச் சொல்ல முடியுமா? நாங்கள் இப்போது செய்வது: குழாயடியில் காட்டுவது, என்சைம் கரைசலில் நனைத்த துணியால் துடைப்பது, பிரஷ்ஷால் வாயைத் தேய்ப்பது. அவ்வளவுதான்.

#8 | நீராவி

வாயை மட்டும் தேய்த்தால் வயிறு சுத்தமாகுமா?

முதலில் ஒரு எச்சரிக்கை, ஹேண்ட்பீஸையும் பிட்டையும் ஒரே மாதிரி கழுவக் கூடாது. பிட்டைத் தண்ணீரில் முழுக்கலாம். ஹேண்ட்பீஸை முழுக்கலாம் என்று குறிப்பேட்டில் வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய முழுக்கக் கூடாது.

பிட்டில் தொடங்குகிறேன். முதல் அலசல் குளிர்ந்த நீரில். 45 டிகிரிக்கு மேல் போனால் ரத்தப் புரதம் உறைந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த என்சைமும் பாடுபட வேண்டும். வெந்நீரில் சுத்தம் அதிகம் என்ற வீட்டு நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டும். அதே காரணத்துக்காக, கழுவாத கருவியை குளூட்டரால்டிஹைட், ஃபார்மலின் வகையறாவில் ஊறப்போடவும் கூடாது. அவை புரதத்தை அப்படியே பதப்படுத்தி நிறுத்திவிடும். ப்ளீச்சில் போட்டால் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அடுத்து ஸ்டைலெட். துளைக்கு ஏற்ற கம்பியை விட்டு அடைப்பைத் தள்ளி எடுப்பது. இது பிரஷ்ஷுக்குப் பதில் அல்ல, பிரஷ்ஷுக்கு வழி விடுவது. பிறகு என்சைம் கரைசலில், நீருக்கு அடியிலேயே வைத்துப் பிரஷ். மேலே வைத்துத் தேய்த்தால் மறுமுனையில் தெறிப்பது உங்கள் முகத்துக்குத்தான்.

பிரஷ்ஷில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். துளையைவிட மெல்லிய பிரஷ் நடுவில் போய் நடுவில் வரும், சுவரைத் தொடாது. தடித்த பிரஷ்ஷைத் திணித்தால் நார்கள் மடங்கிப் படுத்துக்கொள்ளும், அதுவும் தேய்க்காது. நார் நுனி சுவரில் லேசாக அழுந்தும் அளவு வேண்டும். நீளம் துளையைவிட அதிகம். நார்ப்பகுதி மறுபக்கம் முழுசாக வெளியே வந்து, அதை அலசி, பிறகு திரும்ப இழுக்க வேண்டும். வெளியே வராத பிரஷ், அழுக்கை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறது. உங்கள் பழுப்புப் பொடி அங்கேதான் இருந்திருக்கும். கம்பிப் பிரஷ் வேண்டாம், நைலான் போதும். கம்பி போடும் கீறல் அடுத்த அழுக்குக்கு அறை.

அப்புறம் பீச்சுதல். பெரிய துளை பிட்டில் தண்ணீர் தாராளமாக ஓடும். சிறிய துளையில் ஓடாது. ஒரே அழுத்தத்தில் குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும், இது இயற்பியல். அதனால் 1.25 வயருக்கான பிட்டைக் குழாயடியில் காட்டினால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. சிரிஞ்சை இறுக்கமாகப் பொருத்தி அழுத்திப் பீச்ச வேண்டும். மறுமுனையில் வெள்ளை வலைத்துணி பிடியுங்கள், நிறம் வருகிறதா என்று தெரியும்.

கடைசி அலசல் ஆர்ஓ அல்லது அயனி நீக்கிய நீரில். உள்ளே உப்புத்தண்ணீர் காய்ந்தால் படியும் சுண்ணாம்பும் ஒரு வகை அழுக்குதான். பிறகு வடிகட்டிய அழுத்தக் காற்றை விட்டு உலர்த்துங்கள். ஈரத் துளையோடு பேக் செய்தால் ஈரப் பொதிதான் வெளியே வரும்.

வாஷர் இருந்தால், குழாய்க் கருவிகளுக்கான பீச்சு முனை உள்ள தட்டில் மாட்டுங்கள். வெறுமனே கூடையில் கிடத்தினால் வாஷர் வெளிப்புறத்தை மட்டும் கழுவித் தரும். 90 டிகிரியில் 5 நிமிடம், ஏ-நாட் (சூடும் நேரமும் சேர்ந்து கிருமியைக் கொல்லும் அளவு) 3000 என்று காகிதம் அச்சாகும். அந்த எண் கிருமி நீக்கத்தைச் சொல்கிறது, சுத்தத்தைச் சொல்லவில்லை.

#9 | பச்சைக்குல்லா

ஸ்க்ரப் நர்ஸ். சிஎஸ்எஸ்டி மேல் பழி போடுவதற்கு முன் எங்கள் தரப்புத் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

அறுவை நடக்கும்போதே ஒவ்வொரு முறை பிட் கைக்குத் திரும்பும்போதும் நான் ஸ்டைலெட்டை விட்டு எடுத்து, ஸ்டெரைல் நீரில் ஒரு முறை பீச்சிவிடுவேன். ஐந்து விநாடி வேலை. இதனால் டாக்டருக்கு வயர் கவ்வாது, கீழே கழுவுகிறவர்களுக்குச் சிமெண்ட் மாதிரி இறுகிய பொருள் போகாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் செட்டில் அந்த மெல்லிய கம்பி எதற்கு என்றே தெரிவதில்லை. உதிரி கே-வயர் (எலும்பில் செருகும் கம்பி) என்று நினைத்து ஒதுக்கிவைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சலைன் வேண்டாம், ஸ்டெரைல் நீர். மேசையில் சலைன் கிண்ணம்தான் கைக்கு எட்டும், அதனால் பழக்கத்தில் அதில் போட்டுவிடுகிறோம். குளோரைடு பிட்டின் ஸ்டீலைத் தின்னும். உடலுக்குள் வைக்கும் திருகின் ஸ்டீல் வேறு, வெட்டுவதற்குக் கடினப்படுத்திய பிட்டின் ஸ்டீல் வேறு. பின்னது துருவுக்கு இளகின மனசு.

முடிந்ததும் காயவிடாமல் அனுப்ப வேண்டும். கடைசித் தையல் போடும் நேரத்தில் செட் ஓரமாகக் கிடக்கும், அடுத்த கேஸ் வந்துவிடும், மறந்துபோகும். ஈரத் துணி போர்த்துவதோ நுரை தெளிப்பதோ, அந்த நேரத்தில் செய்தால்தான் உண்டு.

#10 | கழுவுமேடை

சிஸ்டர், உங்கள் மாதிரி எங்கள் தியேட்டரில் ஒருவர் இருந்தால் போதும்.

ஹேண்ட்பீஸ் பற்றி யாராவது? எங்கள் பழையது ஒன்றில் தண்ணீர் போய் மோட்டார் நின்றுவிட்டது. அதிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் என்றாலே பயம், துடைப்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

#11 | திருப்புளி

உங்கள் ஆட்களின் பயம் நியாயம், பயத்தின் தீர்வுதான் தப்பு.

பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரிக் கூட்டுக்கு மூடி கொடுத்திருந்தால் மூடுங்கள். சக்கையும் மற்ற இணைப்பான்களையும் கழற்றித் தனியே வையுங்கள், அவற்றைக் கூடுதலாகக் கழுவ வேண்டும். இப்போது ஹேண்ட்பீஸின் மூக்கு கீழே பார்க்கும்படி பிடித்து, ஓடும் நீரில் அலசுங்கள். மூக்கு மேலே பார்த்தால் தண்ணீர் தாங்கி வழியாக உள்ளே இறங்கும். பிரஷ்ஷைப் பின்பக்கத் துளையில் விட்டு மூக்கு வழியாக வெளியே எடுங்கள். டிரிக்கரை அழுத்தி அழுத்தி விட்டு அதன் இடுக்கைத் தேயுங்கள், அங்கேயும் ரத்தம் போகும். ஜேக்கப்ஸ் சக்கின் தாடைகளை முழுதாக விரித்து ஒருமுறை, மூடி ஒருமுறை.

கரைசல் எது என்பதில் கவனம் வேண்டும். பல ஹேண்ட்பீஸ்களின் உடல் ஆனோடைஸ் செய்த அலுமினியம். காரம் மிகுந்த கரைசல் அந்தப் பூச்சைத் தின்றுவிடும், நிறம் மங்கி வெள்ளை பூக்கும். நடுநிலை பிஎச் உள்ளதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு.

காய்ந்த பிறகு எண்ணெய். குறிப்பேட்டில் சொன்ன எண்ணெய், சொன்ன இடத்தில், ஒரு சொட்டு. கடையில் கிடைக்கும் மெஷின் எண்ணெயோ சிலிக்கோனோ நீராவி புகாத படலம் கட்டிவிடும். ஸ்டெரிலைஸ் ஆகாத இடத்தை நாமே உருவாக்கின மாதிரி. பிறகு பேட்டரி போட்டு ஓட்டிக் காதால் கேளுங்கள். தாங்கி போகப்போகிறது என்றால் முதலில் சத்தம்தான் சொல்லும்.

லித்தியம் பேட்டரியை ஆட்டோகிளேவில் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். போடக் கூடாத வகைதான் அதிகம். அதற்கு ஸ்டெரைல் உறைக்குள் ஸ்டெரைல் அல்லாத பேட்டரியை இறக்கும் முறை இருக்கிறது. வாங்கும் தாளில் எந்த முறை என்று எழுதச் சொல்லுங்கள், அந்த உறையும் புனலும் கழுவும் பட்டியலில் சேரும்.

#12 | அலைநீளம்

இவ்வளவு கையால் தேய்ப்பதா? பிட்டையெல்லாம் அல்ட்ராசானிக்கில் போட்டுவிட்டால் போதாதா? எங்கள் இடத்தில் அப்படித்தான், பத்து நிமிடம், முடிந்தது.

#13 | நீராவி

போதாது. அல்ட்ராசானிக் நல்ல வேலைக்காரன், ஆனால் காற்றுக்குமிழி இருக்கும் இடத்தில் அவனுக்கு வேலை ஓடாது. நுண்குமிழி உண்டாகி வெடிப்பதுதான் அதன் துடைப்பம், அதற்கு நீர் வேண்டும். பிட்டைக் கிடையாகத் தொட்டியில் போட்டால் துளைக்குள் காற்று அப்படியே படுத்துக்கொள்ளும். முதலில் சிரிஞ்சால் துளையை நீரால் நிரப்பி, சாய்த்து இறக்க வேண்டும். பீச்சு இணைப்பு உள்ள தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. பெரிய அழுக்கைக் கையால் எடுத்த பிறகுதான் அல்ட்ராசானிக், அதற்கு முன் அல்ல. ஹேண்ட்பீஸை அதில் போடவே கூடாது.

தொட்டி வேலை செய்கிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய அலுமினியத் தாளைச் சிறிது நேரம் தொங்கவிட்டு எடுங்கள். பரவலாகப் பொத்தல் விழுந்திருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் ஒரு பக்கம் செத்துவிட்டது.

#14 | அலைநீளம்

பார்த்தேன். இடது பக்கம் ஒரு பொத்தலும் இல்லை. நன்றி, கொஞ்சம் கசப்போடு.

#15 | எலும்பொட்டி

கழுவுவதைப் பற்றிப் பேசும்போது பிட்டின் கூர்மையையும் சேர்த்துப் பாருங்கள். மழுங்கிய பிட் எலும்பை வெட்டாது, உரசிச் சூடாக்கும். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நின்றால் எலும்புத் திசு பாதிக்கப்படுகிறது என்று முயல் எலும்பில் செய்த ஆய்வு 1983இல் வந்தது, இன்றும் அந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறோம். மழுங்கினால் டாக்டர் கூடுதலாக அழுத்துவார், அழுத்தினால் வளையும், உள்துளை பிட் வளைவதைத் தாங்காது.

#16 | திருப்புளி

அதில் ஒரு சுவாரசியம் உண்டு, டாக்டர். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 5 மி.மீ. உருளையின் நடுவில் 2.9 மி.மீ. துளை போட்டால், கணக்குப்படி இழப்பது சுமார் 11 சதவீதம்தான். அப்படியானால் ஏன் உள்துளை பிட் அவ்வளவு எளிதாகப் போகிறது? வெளியே புரி வெட்டியிருக்கிறோம். புரியின் பள்ளத்துக்கும் உள்துளைக்கும் நடுவில் மிஞ்சுவது மெல்லிய சுவர். முறியும் பிட்டை எடுத்துப் பாருங்கள், அங்கேதான் கிழிந்திருக்கும். ஆகவே பார்வையிடும்போது லென்ஸில் வெட்டு விளிம்பை மட்டும் அல்ல, புரிப் பள்ளத்தின் அடியையும் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் குப்பையில் போடுங்கள். பட்டறையில் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டாம், அந்த முனை வடிவத்தைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது.

#17 | இரவுப்பணி

வாயைத் திறக்கிறேன். ஹார்டுவேர் டிரிலை ஸ்டெரைல் உறை போட்டுப் பயன்படுத்துகிறார்களே, அதற்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

#18 | எலும்பொட்டி

பணமில்லாத இடங்களில் அதற்கென்றே செய்த உறை, ஸ்டெரைல் சக்கோடு பயன்படுகிறது. ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த மோட்டாரின் தண்டு குழாய் இல்லை. நீண்ட வயர் பின்னால் வர வழி இல்லாததால், நீட்டிக்கொண்டிருக்கும் வயரின் மேல் பிட்டை ஓட்டவோ, ஒரு மீட்டர் நீள வயர் மேல் ரீமர் ஓட்டவோ முடியாது, பக்கவாட்டில் நுழைக்கும் தனி இணைப்பு இருந்தால் தவிர. உறை இல்லாமல் துணி சுற்றி ஓட்டுவதும், ஃபார்மலின் மாத்திரைப் பெட்டியில் வைத்து எடுப்பதும் ஸ்டெரிலைசேஷன் அல்ல.

ரீமர் என்றதும் நினைவு வருகிறது. பழைய வளையும் ரீமரின் தண்டு சுருள் கம்பியால் ஆனது. அதை வளைத்துக் கழுவிப் பாருங்கள், சுருளின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் மஜ்ஜைக் கொழுப்பு வரும், வந்துகொண்டே இருக்கும். நிட்டினால் என்ற வளையும் உலோகக் கலவையில் குழாய்த் தண்டு வந்த பிறகுதான் நிம்மதி. இன்னும் சுருள் தண்டு வைத்திருப்பவர்கள் அடுத்த வாங்கலில் மாற்றப் பாருங்கள்.

#19 | நீராவி

சுத்தமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் கேட்கவில்லை. கண்ணால் பார்ப்பது வெளிப்புறத்துக்கு. உள்ளுக்குப் போர்ஸ்கோப், அதாவது துளைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா. ஹேண்ட்பீஸ் துளைக்கும் 2.8 வயர் பிட்டுக்கும் நுழையும் போர்ஸ்கோப் எளிதில் கிடைக்கும். 1.25 வயர் பிட்டுக்கு நுழைவது அபூர்வம். அங்கே துளை வழியே பீச்சிய நீரையோ துடைத்த ஸ்வாபையோ புரதச் சோதனைக்கு எடுங்கள், நிறம் மாறும் கிட் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6.4 மைக்ரோகிராம் புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. தினமும் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, வாரத்துக்கு இத்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது என்கிற மெல்லிய பிட்டை ஒருமுறைப் பயன்பாட்டு வகையாக வாங்குவதே மேல் என்பது என் கட்சி. திருப்புளி சண்டைக்கு வருவார்.

#20 | திருப்புளி

வருகிறேன். ஒருமுறை பிட் என்று வாங்கி, கூர் நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பக் கழுவிப் போடுகிற இடங்கள் எனக்குத் தெரியும். அந்தப் பிட்டுக்குக் கழுவும் குறிப்பேடே கிடையாது. அதைவிட, குறிப்பேடு உள்ள பிட்டை ஒழுங்காகக் கழுவலாம். தூக்கி எறியும் மனசு இருந்தால் மட்டும் ஒருமுறை வகை வாங்குங்கள்.

#21 | பச்சைக்குல்லா

தூக்கி எறியும் மனசு கேஸ் நடுவில் இருக்கும், மாத இறுதியில் இருக்காது. இரண்டு பேரும் சரிதான்.

#22 | கழுவுமேடை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தாளில் "கேனுலேட்டட்: ஆம்" என்ற வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்: துளை விட்டம், நீளம், உள்ளே படி உண்டா, பிரஷ் எண், எந்தச் சுழற்சி, எந்தக் கரைசல், நீரில் முழுக்கலாமா, பேட்டரி முறை, குறிப்பேட்டின் நகல் முன்கூட்டியே. வாங்குபவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் சேர்த்துவிட்டார்கள். பழைய டிரிலுக்கு நீராவி சார் சொன்னபடி நான்கு முறை பிரஷ் ஓட்டினேன். மூன்றாவது முறைவரை பழுப்பு வந்தது. நான்காவதில் வலைத்துணி வெள்ளை. அதை நம்பாமல் புரத கிட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேக் பண்ணினேன்.

நேற்று இரண்டு நிறுவனத்தார் மாதிரி ஹேண்ட்பீஸோடு வந்தார்கள். "இதற்கான பிரஷ்ஷைக் கொடுங்கள், இங்கேயே விட்டுப் பார்க்கிறேன்" என்றேன். முதலாமவரிடம் பிரஷ் இல்லை, அனுப்பிவைக்கிறேன் என்றார். இரண்டாமவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் நுழைத்துத் தள்ளினேன், கைப்பிடி வரை போய்விட்டது, முன்பக்கம் நார் எட்டிப் பார்க்கவில்லை. துளையைவிட இரண்டு விரல் குட்டை. அவரே வாங்கி ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு, யாருக்கோ போன் பண்ண வெளியே போனார். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.